பன்னிரண்டு பேர் வேண்டாம்

விசாரணை தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து, "எனக்கு ஜூரி வேண்டாம்" என்றான் லீலண்ட் குசேரா.

அவனுடைய வக்கீல் காலீன் பிராண்ட் குடித்துக்கொண்டிருந்த காப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். தனியாக வக்கீல் வைக்க வசதியில்லாததால் அரசாங்கம் அவனுக்கு அமர்த்திக் கொடுத்தவள். பக்கத்து ஊர்க்காரி. கட்சிக்காரர்களை அதட்டியே பழக்கப்பட்டவள்.

"இதைப் போன மாசமே சொல்றதுக்கு என்ன?"

"இப்பத்தானே அவங்களைப் பார்த்தேன்."

"யாரை?"

"கீழ உக்காந்திருக்காங்களே, அவங்களை."

கீழே, கோர்ட்டுக் கட்டடத்தின் நிலவறைக் கூடத்தில், ஜூரிக்காக அழைத்த நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர்களிலிருந்துதான் பன்னிரண்டு பேரைப் பொறுக்குவார்கள். லீலண்ட் படியேறும்போது கதவு வழியாக எட்டிப் பார்த்துத் தொலைத்தான். டேபர் கிரீக் சின்ன ஊர். சுற்றியிருக்கும் பண்ணைகளையும் சேர்த்து யாரைக் கூப்பிட்டாலும் தெரிந்த முகமாகத்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? ஆனாலும் கண்ணால் பார்த்தபோது படியிலேயே நின்றுவிட்டான். தபால் ஆபீஸ் ஓப்பல் வ்ரானா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். தானியக் கிடங்கில் அவனோடு வேலை பார்க்கும் மைலோ ஸ்வோபோடா, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். பள்ளியில் அவனுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த கோச் ஹாயெக், மாதா கோவில் பெண்கள் கொண்டுவந்திருந்த கொலாச்சி ரொட்டியைத் தின்று வாயெல்லாம் பிளம்ஸ் ஜாம்.

"அவங்க எனக்குத் தெரிஞ்சவங்க" என்றான் லீலண்ட்.

"தெரிஞ்சவங்கன்னு தள்ளிக்கிட்டே போனா, இந்த ஊர்ல ஜூரிக்கு மாட்டைத்தான் கொண்டாந்து உக்கார வைக்கணும்" என்றாள் காலீன். "தெரிஞ்சா என்ன? நல்லதுதானே?"

"அவங்க முன்னாடி என்னால அதைச் சொல்ல முடியாது."

அப்படி எதைச் சொல்ல முடியாது? சுற்றி வளைப்பானேன், லீலண்டை அவன் பெண்டாட்டி அடிப்பாள். அதுதான் விஷயம்.

லீலண்ட் ஆறடிக்கு மேல் உயரம். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவான். ஒரு காலத்தில் மாநில மல்யுத்தச் சாம்பியன். அவன் படம் இன்னும் பள்ளி வராந்தாவில் தொங்குகிறது. டார்லா அவன் நெஞ்சு உயரம்தான் இருப்பாள். ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு முடி வெட்டிவிடுகிறவள். கத்தரிக்கோலும் வாயும் சேர்ந்தே ஓடும், கடைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். கல்யாணமான மறு வருடம் முதல் அடி விழுந்தது. முதலில் கையால் அடித்தாள். அப்புறம் கையில் கிடைத்ததால் அடித்தாள். மறுநாள் அவள் அழுவாள், அவளைத் தேற்றி முடிப்பதற்குள் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிடும். வாங்கிக்கொள்வதில் அவனுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, உடம்பு பெரியது. யாருக்காவது தெரிந்துவிட்டால்? அந்த நினைப்பு வந்தாலே கூசிப்போவான். கிடங்கில் மைலோவும் மற்றவர்களும் சிரிக்கும் சிரிப்பு, அவர்கள் சிரிக்காமலேயே, அவன் காதில் விழும்.

இரண்டு மாதத்துக்கு முன், ஆகஸ்டில், அவள் இரும்பு வாணலியை ஓங்கிக்கொண்டு வந்தாள். அது தலைக்கு வந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான். பழைய பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. எலும்பு முறிந்தது. ஷெரீப்பின் ஆள் வந்து கேட்டபோது, "ஆமா, நான்தான் செஞ்சேன்" என்றான். ஏன் செய்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சர்க்கார் வழக்குப் போட்டுவிட்டது.

ஜெயிலைப் பற்றி அவனுக்குப் பெரிய கவலையில்லை. எட்டு வயது மகள் மார்னியைப் பற்றித்தான். அவன் குற்றவாளி என்று தீர்ப்பானால் குழந்தை டார்லாவிடமே இருக்கும். அவன் மாதம் இரண்டு தரம், ஓர் அரசாங்க ஆபீஸில், பக்கத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்க, குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம். டார்லா குழந்தையை இதுவரை தொட்டதில்லை. அவள் கோபத்துக்கு இத்தனை நாள் அவன் இருந்தான். இப்போது அந்த வீட்டில் அவன் இல்லை.

இதையெல்லாம் போன மாதம் காலீனிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இங்க பாருங்க" என்றாள் காலீன், இப்போது அதட்டாமல். "பன்னெண்டு பேரும் ஒண்ணா 'ஆமா'ன்னு சொன்னாத்தான் நீங்க குற்றவாளி. ஒரே ஒருத்தர் முரண்டு பிடிச்சாலும் முடியாது. அந்தப் பலத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஒத்தை ஆள்கிட்ட போய் நிக்கறேங்கறீங்க."

"ஜட்ஜு வெளியூர்தானே?"

"ஆமா. நூறு மைல் தள்ளி. மாசத்துக்கு ஒரு தரம் வருவார்."

"அவருக்கு என்னைத் தெரியாது. அவர்கிட்ட சொல்லிடுவேன். கேட்டுட்டு அவர் பாட்டுக்குக் காரேறிப் போயிடுவார். நாளைக்கு அவர் மூஞ்சியில நான் முழிக்க வேண்டியதில்லை."

"ஜட்ஜு மட்டும் விசாரிச்சாலும் கோர்ட்டு கோர்ட்டுதான். கதவு திறந்துதான் இருக்கும். யார் வேணும்னாலும் வந்து உக்காரலாம்."

"அறுவடை நேரத்துல எவன் வரப்போறான்?"

காலீன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. பையிலிருந்து, ஜூரி வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் தாளை எடுத்து நீட்டினாள்.

நீதிபதி ஹாலிஸ்டர் மெலிந்த, பொறுமையான மனிதர். லீலண்டை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"ஜூரி விசாரணை உங்க உரிமை, மிஸ்டர் குசேரா. அதை யாரும் உங்ககிட்டேருந்து பிடுங்க முடியாது. நீங்களா விட்டுக் கொடுத்தாத்தான் உண்டு. புரியுதா?"

"புரியுது, யுவர் ஆனர்."

"யாராவது மிரட்டினாங்களா? ஆசை காட்டினாங்களா?"

"இல்லைங்க."

"குடிச்சிருக்கீங்களா? மருந்து மாத்திரை ஏதாவது?"

"காப்பி மட்டும்தான்."

"ஏன் வேண்டாங்கறீங்கன்னு நான் கேக்கப் போறதில்லை. அது உங்க சொந்த விஷயம்" என்றார் நீதிபதி. லீலண்டுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏன் என்று கேட்காத ஒரு மனிதரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டான். எதிர்த்தரப்பு அரசு வக்கீலும் ஆட்சேபணை இல்லை என்றார்.

அதோடு முடிந்தது என்று உட்காரப் போனவனை அடுத்தது வந்து அறைந்தது. நாற்பது பேரையும் மேலே வரச்சொன்னார் நீதிபதி. காக்க வைத்தவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்புவது அவர் வழக்கமாம். அவர்கள் கோட்டும் தொப்பியுமாக வரிசை வரிசையாக உள்ளே வந்து நின்றார்கள்.

"மிஸ்டர் குசேரா ஜூரி வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கார். வழக்கை நானே விசாரிக்கிறேன். சிரமத்துக்கு நன்றி. நீங்க போகலாம்."

நாற்பது ஜோடிக் கண்களும் அவன் மேல் திரும்பின. 'நீங்கள் வேண்டாம்' என்று ஊரைக் கூட்டி வைத்து முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கணக்கை அவன் போட்டுப் பார்க்கவே இல்லை. கோச் ஹாயெக் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். மைலோ கீழுதட்டைக் கடித்துக்கொண்டான். லீலண்டுக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. மேஜையில் இருந்த ஆணித் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, போகட்டும் என்று காத்திருந்தான். அவர்கள் போகவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சோளக்காட்டில் அன்றைக்கு எந்திரம் இறங்காது. லீவு போட்டாயிற்று, சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாயிற்று. மாதா கோவில் கொலாச்சி இன்னும் இரண்டு தட்டு பாக்கி. வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறார்கள்? பார்வையாளர் பெஞ்சுகளில் ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள். ஓப்பல் வ்ரானா முன் வரிசையில் இடம் பிடித்துப் பின்னலை மடியில் வைத்துக்கொண்டாள். கோர்ட்டில் பின்னக் கூடாது என்று சேவகர் சைகை காட்டியதும் ஊசியைப் பைக்குள் போட்டாள். எழுந்து மட்டும் போகவில்லை.

காலீன் அவன் பக்கம் சாய்ந்தாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. முதல் சாட்சி சத்தியம் எடுக்கறதுக்குள்ள மனசு மாறினா ஜட்ஜுகிட்ட கேட்டுப் பார்க்கலாம். ஆளுங்க எல்லாரும் இங்கயேதான் இருக்காங்க. எப்படியும் கேக்கப் போறாங்க, லீலண்ட். கேக்கறவங்க கையில தீர்ப்பாவது இருக்கட்டுமே."

அதைவிட நியாயமான பேச்சு அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் யாரும் பேசவில்லை. லீலண்டுக்கும் அது புரிந்தது. ஆனால் மறுபடி எழுந்து நின்று, இப்போதுதான் வேண்டாம் என்றவர்களை வேண்டும் என்று சொல்ல வேண்டுமே. அந்த வெட்கம் புது வெட்கம்.

"போயிடுவாங்க" என்றான். "ரொட்டி தீர்ந்ததும் போயிடுவாங்க."

டார்லா முதலில் சாட்சி சொன்னாள். மணிக்கட்டு கூடிவிட்டது, பட்டை போட்டிருந்தாள். வாணலியைக் கழுவ எடுத்துப் போனேன், ஏதோ வாய்த்தகராறு, கையைப் பிடித்து முறித்துவிட்டார் என்றாள். பொய் சொல்கிறவள் மாதிரியே தெரியவில்லை. அவளைப் பொறுத்தவரை அப்படித்தான் நடந்தது போலும். அப்புறம் டாக்டர் வந்தார். ஷெரீப்பின் ஆள் வந்து, "நான்தான் செஞ்சேன்" என்ற வரியைப் படித்துவிட்டுப் போனார்.

பிறகு லீலண்ட் கூண்டில் ஏறினான். நாற்காலி அவனுக்குச் சின்னது. முட்டி இடித்தது. அங்கிருந்து பார்த்தால் பெஞ்சில் ஓர் இடம் காலியில்லை.

"அன்னைக்கு வாணலி எங்க வந்தது?" என்று கேட்டாள் காலீன்.

"என் தலைக்கு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பிடிச்சேன். திருகிட்டேன்."

இதுவரை சரியாகத்தான் போயிற்று. அடுத்த கேள்விக்குத்தான் அத்தனையும். காலீன் அதை ஆபீஸில் அவனுக்கு நாலு தரம் சொல்லிக்கொடுத்திருந்தாள். முன்னால் அடித்திருக்கிறாள் என்றால்தான் அவன் பயந்தது நியாயம். பயந்தது நியாயம் என்றால்தான் முறிந்த எலும்பு குற்றமாகாது.

"இதுக்கு முன்னால உங்க மனைவி உங்களை அடிச்சிருக்காங்களா, மிஸ்டர் குசேரா?"

நீதிபதி பேனாவை எடுத்தார். லீலண்ட் அவரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று திரும்பினான். கண் கேட்கவில்லை. அது பெஞ்சுக்குப் போயிற்று. கோச் ஹாயெக் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் மல்யுத்தப் பாயோரத்தில் அப்படித்தான் உட்காருவார். மைலோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல" என்றான்.

காலீன் தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஒரு தரம்கூட?"

"இல்ல."

"அவங்களைப் பார்த்து நீங்க எப்பவாவது பயந்திருக்கீங்களா?"

"நானா?" என்று லீலண்ட் சிரித்தான். கைகளை விரித்துத் தன் உடம்பைக் காட்டினான். "அவளைப் பார்த்தா?"

எல்லாரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். அவர்கள் சிரித்துவிட்டால் தப்பித்த மாதிரி. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஓப்பல் வ்ரானா தலையைக் குனிந்துகொண்டாள். லீலண்ட் கூண்டிலிருந்து இறங்கினான். தன் மகளை இரண்டு வார்த்தைக்கு விற்றுவிட்டோம் என்று தெரிந்தது. தெரிந்தும் திரும்பி ஏறவில்லை.

காலீன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதட்டக்கூட இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பைச் சொன்னார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாணலியை ஓங்கியிருக்கலாம், அதை நம்புகிறேன் என்றார். ஆனால் முன்பு ஒருபோதும் அடித்ததில்லை, பயமும் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரே சத்தியம் பண்ணிச் சொல்கிறார். மல்யுத்தம் தெரிந்த இவ்வளவு பெரிய மனிதர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாலே போதும், முறித்திருக்க வேண்டியதில்லை. தன் முன் வந்த சாட்சியத்தை வைத்துத்தான் தன்னால் பார்க்க முடியும். குற்றவாளி. தண்டனை என்ன என்பது அடுத்த மாதம்.

பெஞ்சுகளிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. நீதிபதி தலையை நிமிர்த்திப் பார்த்தார். அது அடங்கிவிட்டது.

மழை விடவில்லை. எல்லாரும் கோர்ட்டு வாசல் கூரைக்கடியில் ஒண்டி நின்றார்கள். லீலண்ட் வெளியே வந்ததும் வழிவிட்டார்கள். அந்த வழி அவனுக்கு முள்ளாகக் குத்தியது. அங்கேயே தூணோடு ஒட்டி நின்றான்.

டார்லாவின் அக்கா கார் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து மார்னியை அழைத்து வந்திருந்தாள். குழந்தை பின் ஸீட்டில் இருந்தது. டார்லா ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, நனைந்த கோட்டை உள்ளே வீசுவதற்காகக் கையை ஓங்கினாள்.

மார்னி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

டார்லா அதைக் கவனித்தாளோ என்னவோ. கதவைச் சாத்தினாள், முன்னால் ஏறினாள், கார் போய்விட்டது. வாசலில் நின்ற நாற்பது பேரும் பார்த்தார்கள். லீலண்டும் பார்த்தான். அப்படிக் கை தூக்க அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவன் வீட்டை விட்டு வந்த இந்த இரண்டு மாதத்தில்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"அவ என்னை அடிப்பா" என்றான் லீலண்ட்.

யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. சத்தமாகத்தான் சொன்னான். காலையில் நாலு சுவருக்குள் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான்.

"பத்து வருஷமா அடிக்கிறா. உள்ள பொய் சொல்லிட்டேன். கல்யாணமான மறு வருஷத்துலேருந்து அடிக்கிறா."

மைலோ பக்கத்தில் வந்து நின்றான்.

"தெரியும்டா" என்றான்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். மூஞ்சியில அவ பவுடரை அப்பிக்கிட்டு வேலைக்கு வருவியே, வேர்வையில கோடு கோடா வழியும். ஒருத்தன் ஒரு தடவை பண்ணினா விட்டுடலாம். வருஷக்கணக்காப் பார்த்தாத் தெரியாதா? கிடங்குல எல்லாருக்கும் தெரியும்."

"எங்களுக்கும் தெரியும்" என்றாள் ஓப்பல், அவனைப் பார்க்காமல். "அவ கடையில உக்காந்து முடிவெட்டிக்கிட்டவங்களுக்குத் தெரியாதா, அவ கோபம் எப்படிப்பட்டதுன்னு."

கோச் ஹாயெக் தொண்டையைச் செருமினார். "காலையில நாங்க கீழ உக்காந்து என்ன பேசிக்கிட்டோம்னு நினைக்கிறே? ஜூரியில யாரைப் போட்டாலும் சரி, நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு பேசிக்கிட்டோம். அஞ்சு நிமிஷத்துல உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். நீ எங்களை வேண்டாம்னுட்டே. இந்த ஊருக்குள்ள இன்னைக்கு நுழைஞ்சவங்கள்ல விஷயம் தெரியாத ஒரே ஆளு அந்த ஜட்ஜுதான். தேடிப் பிடிச்சு அவர் கையில போய்க் கொடுத்தியே."

நீதிபதி ஹாலிஸ்டர் அப்போது குடையோடு பக்கவாசல் வழியாக இறங்கி, யாரையும் பார்க்காமல் தன் காருக்குப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த ஊருக்கு நேரமாகியிருக்கும்.

லீலண்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் பத்து வருடமாக ஒளிந்துகொண்டிருந்த அத்தனை முகங்களும் அங்கே இருந்தன. ஒருவரும் அவன் கண்ணைச் சந்திக்கவில்லை.

"அப்ப ஏன்டா" என்றான். "பத்து வருஷத்துல ஒருத்தர்கூட ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

மைலோ இஸ்திரிச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் முகமும் சிவந்திருந்தது.

"உனக்கு வெக்கமா இருக்குமேன்னுதான்" என்றான்.